வாசகர் கேள்வி – பதில்: அரசுப் பணத்தில் படிக்கும் பிள்ளையும் தனியார் பள்ளியும்

கேள்வி: அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் என் மகள் வசிக்கிறாள். அங்கே வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசு ‘வவுச்சர்’ கொடுத்துத் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறது என்றும், அந்தப் பள்ளிகளுக்குக் கடுமையான விதிகள் உண்டு என்றும் சொல்கிறாள். நம் ஊரில் உள்ள 25 விழுக்காடு ஒதுக்கீடும் அதுவும் ஒன்றுதானா?
– அரசு உதவிபெறும் பள்ளியில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும் ஒன்றல்ல. உங்களைப் போல உதவிபெறும் பள்ளியில் பணியாற்றியவர்களுக்கு இதை எளிதாக விளக்கிவிடலாம். 1854 ஆம் ஆண்டு சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையில் தொடங்கிய மானிய முறையில் அரசின் பணம் பள்ளிக்கும் ஆசிரியருக்கும் போய்ச் சேருகிறது. வவுச்சர் முறையிலோ பணம் பிள்ளையோடு போகிறது. பிள்ளை எந்தப் பள்ளியில் சேருகிறதோ அந்தப் பள்ளிக்குத்தான் பணம்.

மில்வாக்கியில் இத்திட்டம் 1990 இல், சமயச் சார்பற்ற ஏழே பள்ளிகளுடன் தொடங்கியது. சமயப் பள்ளிகளும் சேரலாம் என்பதை விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றம் 1998 இல் ஏற்றுக்கொண்டது. திட்டத்தில் சேருவதும் சேராததும் பள்ளியின் விருப்பம். சேர்ந்துவிட்டால், மதிப்பெண்ணையோ குடும்பப் பின்னணியையோ பார்த்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்க முடியாது; இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்தான். பெற்றோர் எழுத்தில் கேட்டுக்கொண்டால், சமய வழிபாட்டிலும் சமயப் பாடத்திலும் அந்தப் பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆசிரியர்கள் பட்டம் பெற்றிருக்க வேண்டும், பள்ளி தர அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், ஆண்டுக்கணக்கை வெளித் தணிக்கையாளரிடம் கொடுக்க வேண்டும், வவுச்சர் பிள்ளைகள் மாநிலத் தேர்வை எழுத வேண்டும். எட்டாம் வகுப்பு வரை வவுச்சர் தொகைக்கு மேல் கற்பிப்புக் கட்டணம் வாங்கவும் தடை உண்டு.

நம் நாட்டில் 2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12(1)(இ) பிரிவின்படி, உதவிபெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 விழுக்காடு இடங்களை அக்கம்பக்கத்தில் வாழும் நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுகளின் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். எல்.கே.ஜி. உள்ள பள்ளியில் அந்த வகுப்பிலேயே இது தொடங்கிவிடும். இங்கே பள்ளியின் விருப்பத்துக்கு இடமில்லை என்பது முதல் வேறுபாடு. இரண்டாவது வேறுபாடு பெற்றோரைப் பாதிப்பது: மில்வாக்கியில் பள்ளி பிடிக்கவில்லையென்றால் திட்டத்தில் உள்ள வேறு பள்ளிக்கு மாறலாம், நம் சட்டத்திலோ வேலை தேடித் திருப்பூருக்குக் குடிபெயரும் குடும்பத்தின் பிள்ளைக்கு இந்த இடம் கூடவே வருவதில்லை. இது சட்டத்தின் பெரிய குறை என்பதே என் கருத்து.

கேள்வி: நான் பீடி சுற்றுகிறேன். என் மகள் இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்து இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். கல்விக் கட்டணம் கேட்கவில்லை. ஆனால் கணினி வகுப்பு, ஆண்டு விழா, ‘இதர’ என்று சொல்லி 3,800 ரூபாய் வாங்கிவிட்டார்கள். ரசீதை இணைத்துள்ளேன். இது சரியா?
– வாசகி, முக்கூடல்

பதில்: நீங்கள் அனுப்பிய ரசீதை விரித்துப் பார்த்தேன். நான்காக மடித்த தாளின் மடிப்பில் பீடித்தூள் படிந்திருந்தது. கணினி வகுப்பு 1,500, ஆண்டு விழா 800, இதர 1,500 என்று நீல மையில் எழுதி, கீழே பள்ளியின் முத்திரை குத்தியிருக்கிறார்கள். ‘இதர’ என்றால் என்ன என்று அந்தத் தாளில் எங்கும் இல்லை. ஒருவருடைய பல நாள் உழைப்பை ஒற்றைச் சொல்லுக்குள் போட்டு வாங்கிக்கொள்வதை எந்த நிர்வாகமும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அம்மா, இது சரியன்று. ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு முடியும் வரை இலவசக் கல்வி தர வேண்டியது பள்ளியின் கடமை. அறிவிக்கப்பட்ட கட்டணம் தவிர வேறு எந்தப் பெயரில் பணம் வாங்கினாலும், அது நன்கொடை ஆனாலும் பங்களிப்பு ஆனாலும், சட்டம் அதைத் தலைவரிக் கட்டணம், அதாவது ‘கேப்பிட்டேஷன்’ எனப்படும் முறையற்ற வசூல், என்ற வகையில்தான் சேர்க்கிறது. 13 ஆம் பிரிவின்படி வாங்கிய தொகையைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். சேர்க்கையின்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ நேர்காணல் வைத்து வடிகட்டினால் முதல் முறை 25,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறை ஒவ்வொன்றுக்கும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. பாடநூல், சீருடைச் செலவு குறித்து நெடுங்காலமாகப் பள்ளிகளும் அரசும் ஒருவரை ஒருவர் கைகாட்டி வந்தன. அதை அரசே ஏற்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 இல் தீர்ப்பளித்தது. எப்படிப் பார்த்தாலும் அந்தச் சுமை உங்கள் தலையில் விழ வேண்டியதில்லை.

‘பணம் கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம்’ என்று சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தொடக்கக் கல்வி முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. தேர்ச்சி பெறாத பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைப்பது தொடர்பாக 2019 இல் செய்த திருத்தமும் இந்தப் பாதுகாப்பில் கைவைக்கவில்லை. ஆகவே அஞ்ச வேண்டாம். ரசீதின் நகல் இரண்டு எடுத்து, மாவட்டக் கல்வி அலுவலகத்தில் தனியார் பள்ளிகளுக்கான அலுவலரிடம் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணிலும் சொல்லலாம். அங்கும் அசையவில்லையென்றால், திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்தோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போங்கள். ரசீதின் அசல் மட்டும் யார் கேட்டாலும் கையைவிட்டுப் போகக் கூடாது.

கேள்வி: எங்கள் தெருவுக்கு மிக அருகில் உள்ள பெயர்பெற்ற பள்ளி, ஒதுக்கீட்டுப் பட்டியலிலேயே இல்லை. ஏன்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: அது சிறுபான்மைப் பள்ளியாக இருக்கக்கூடும். தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய உங்கள் ஊரில் கிறிஸ்தவ நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளே பல. 2012 ஏப்ரல் 12 அன்று இந்த ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உதவிபெறாத சிறுபான்மைப் பள்ளிகளை மட்டும் விலக்கியது. 2014 மே 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, சிறுபான்மையினர் தம் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்த அரசியலமைப்பின் 30 ஆம் கூறு தரும் உரிமையைக் காட்டி, உதவிபெறும் சிறுபான்மைப் பள்ளிகளையும் சேர்த்துச் சட்டம் முழுவதிலிருந்தும் விலக்கிவிட்டது. அந்தத் தீர்ப்பு சரிதானா என்று 2025 செப்டம்பரில் இரண்டு நீதிபதிகள் ஐயம் தெரிவித்து, பெரிய அமர்வு ஆராய வேண்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பியிருக்கிறார்கள். சிறுபான்மையினரின் உரிமை மதிப்புக்குரியது. நம் மாவட்டத்தில் ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகள் முதன்முதலில் எழுத்தறிந்தது இத்தகைய பள்ளிகளில்தான் என்பதையும் மறக்கலாகாது. சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், அதே மரபில் இந்த நிர்வாகங்கள் தாமாகவே இடம் ஒதுக்க முன்வர வேண்டும் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: சிறிய நர்சரிப் பள்ளி நடத்துகிறேன். அரசு தர வேண்டிய பணம் ஆண்டுக்கணக்கில் தாமதமாகிறது. தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்ளவும், குறையும் தொகையைப் பெற்றோரிடம் வாங்கிக்கொள்ளவும் விட்டால் எங்களைப் போன்றவர்கள் பிழைக்கலாம் அல்லவா?
– பள்ளித் தாளாளர், வள்ளியூர்

பதில்: உங்கள் குறையின் முதல் பாதி முழுக்க நியாயமானது. ஒரு பிள்ளைக்கு அரசு செய்யும் செலவு, பள்ளி வாங்கும் கட்டணம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதைத்தான் அரசு ஈடாகத் தருகிறது. அதுவும் காலத்தில் வராவிட்டால், ஆசிரியர்களுக்கு மாதம் பிறந்ததும் சம்பளம் எண்ண வேண்டிய சிறிய பள்ளி எப்படித் தாங்கும்? மத்திய அரசின் நிதி வராத காரணத்தால் 2025–26 ஆம் கல்வியாண்டின் ஒதுக்கீட்டுச் சேர்க்கையே அக்டோபரில்தான் தொடங்கியது. விதியைப் பள்ளிக்கு மட்டும் எழுதிவிட்டு, அரசு தன் தவணையைத் தவறவிடுவது முறையாகாது. தாமதத்துக்கு வட்டி தர வேண்டும் என்று உங்கள் சங்கங்கள் கேட்டால் நான் உங்கள் பக்கம் நிற்பேன்.

இரண்டாம் பாதியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நீங்கள் கேட்பதைச் செய்து பார்த்த நாடு சிலி. அங்கே 1981 இல் நாடு முழுவதும் வவுச்சர் முறை வந்தது. தனியார் பள்ளிகள் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டன. 1990களில் பெற்றோரிடம் கூடுதல் கட்டணம் வாங்கவும் பரவலாக வழி செய்யப்பட்டது. பணம் பிள்ளையிடம் இருந்தும், தேர்வு செய்யும் உரிமை பள்ளியிடம் போய்விட்டது. வசதியுள்ளவர்கள் ஒருபுறமும் இல்லாதவர்கள் ஒருபுறமுமாகப் பள்ளிகள் பிரிந்தன. மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2008 இல் ஏழைப் பிள்ளைகளுக்குக் கூடுதல் தொகை தரும் சட்டமும், 2015 இல் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்கும் முறையையும் கூடுதல் கட்டணத்தையும் படிப்படியாக நீக்கும் சட்டமும் அங்கே கொண்டுவரப்பட்டன. அவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செலவழித்துத் திருத்திக்கொண்ட பிழையில் நாம் புதிதாகக் கால்வைக்க வேண்டியதில்லை.

கேள்வி: இப்படிச் சேரும் பிள்ளைகள் உண்மையிலேயே கூடுதலாகப் படிக்கிறார்களா?
– வாசகி, களக்காடு

பதில்: ஆந்திரத்தில் 180 கிராமங்களில் குலுக்கல் முறையில் வவுச்சர் கொடுத்து, கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற பொருளியலாளர்கள் செய்த ஆய்வு 2015 இல் வெளியானது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகும் தெலுங்கிலும் கணக்கிலும் வவுச்சர் பெற்ற, பெறாத இரு தரப்புப் பிள்ளைகளுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இந்தியில் மட்டும் தனியார் பள்ளிப் பிள்ளைகள் முந்தியிருந்தார்கள். தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செய்த செலவோ அரசுப் பள்ளியின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே பெயர்ப்பலகையைப் பார்க்காமல், வகுப்பில் எத்தனை பிள்ளைகள், யார் கற்பிக்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என் மகன் இந்த ஒதுக்கீட்டில் எட்டாம் வகுப்பு முடிக்கப்போகிறான். ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டணம் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: சட்டத்தின் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது, அதற்குமேல் கட்டணம் கேட்பது விதிமீறல் அன்று. ஆனால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழக அரசு 2020 இல் கொண்டுவந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு உங்கள் மகனும் தகுதி பெறுவான். 12(1)(இ) பிரிவில் சேர்ந்து எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்தவர்களையும் அந்தச் சட்டம் சேர்த்துக்கொள்கிறது. மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போது, இன்ன ஆண்டில் இந்தப் பிரிவின்கீழ்ச் சேர்ந்தான் என்று தலைமையாசிரியரிடம் தனியாக ஒரு சான்று எழுதி, முத்திரையுடன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டு கழித்துக் கேட்டால், பழைய பதிவேட்டைத் தேடி எடுப்பது பள்ளிக்கும் சிரமம், உங்களுக்கும் சிரமம்.