யூரோ இறங்கியும் சிங்கப்பூரில் ஏர் ரைஃபிள் விலை ஏன் குறையவில்லை? கடைக்காரர்கள் கொள்ளையடிக்கிறார்களா?

கேள்வியின் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுத வந்தேன். விளையாட்டுச் சாமான் இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் பல வருடம் கணக்கு பார்த்தவள் நான். பள்ளிகளுக்கும் கிளப்புகளுக்கும் போகிற போட்டி ரைஃபிள், பிஸ்டல் எல்லாவற்றின் இன்வாய்ஸும் என் மேசையைத் தாண்டித்தான் போகும்.

உங்கள் பிள்ளை உயர்நிலைப்பள்ளியில் துப்பாக்கிச் சுடுதலை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்து, இப்போது சொந்தமாக ஒன்று கேட்கிறது என்று நினைக்கிறேன். பயிற்றுநர் ஃபைன்வெர்க்பாவ் அல்லது வால்தர் என்று ஏதாவது ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் பெயரைச் சொல்லியிருப்பார். நீங்கள் ஜெர்மன் கடை விலையைக் கைபேசியில் பார்த்து, அன்றைய யூரோவால் பெருக்கி, இங்கே கேட்கும் விலையோடு ஒப்பிட்டுக் கொதித்திருப்பீர்கள்.

2015 ஜனவரி 15ஆம் தேதி சுவிஸ் மத்திய வங்கி, ஒரு யூரோவுக்கு 1.20 ஃபிராங்க் என்று பிடித்து வைத்திருந்த வரம்பை முன்னறிவிப்பில்லாமல் கைவிட்டது. 1.30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அளவில் இருந்த ஃபிராங்க் ஓரிரு நாளில் ஒன்றரை வெள்ளியைத் தாண்டியது. எங்களுக்கு அப்போது சுவிட்சர்லாந்திலிருந்து மொரீனி பிஸ்டல்கள் வரவேண்டியிருந்தன. முன்பணம் கட்டியாகிவிட்டது, மீதிப்பணம் ஃபிராங்கில் பாக்கி. பெற்றோர்களிடம் விலை சொல்லி முன்பதிவும் வாங்கியிருந்தோம். முதலாளி ஒரு வெள்ளிகூட ஏற்றாமல் அந்தச் சரக்கை நட்டத்துக்கே கொடுத்தார். அந்தக் கணக்கை எழுதியது நான்தான். அப்போது ஒருவரும் நன்றி சொல்லி எழுதவில்லை.

அதே மாதம் 22ஆம் தேதி ஐரோப்பிய மத்திய வங்கி பெருமளவில் கடன்பத்திரம் வாங்கப்போவதாக அறிவித்தது. 2014 தொடக்கத்தில் 1.70 வெள்ளிக்கு மேல் இருந்த யூரோ, மார்ச்சில் ஒன்றரைக்கும் கீழே போனது. உடனே ஒரு தந்தை கடைக்கு வந்து, "யம்மா, சுவிஸ் காசு ஏறுனா மட்டும் அடுத்த லாட்டுக்கு விலையை ஏத்துறீங்க, யூரோ இறங்கினா ஏன் இறக்க மாட்டேங்கிறீங்க? இதுக்குப் பேரு என்ன?" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். உண்மை என்னவென்றால் அலமாரியில் இருந்த ஜெர்மன் ரைஃபிள்கள் பழைய யூரோவில் வாங்கியவை. 2,000 யூரோ ரைஃபிள் 1.70இல் 3,400 வெள்ளி, 1.50இல் 3,000 வெள்ளி. அந்த 400 வெள்ளியை யார் கையிலிருந்து போடுவது? அடுத்த சரக்கு வந்ததும் விலை குறைந்தது. அவர் அதற்குள் வேறு எங்கோ வாங்கிவிட்டார்.

சிராங்கூன் ரோட்டு நகைக்கடையில் தினம் விலை மாறுவதைப் பார்த்துப் பழகிவிட்டோம். அங்கே சரக்கு வேகமாகக் கைமாறும். போட்டி ரைஃபிள் மாதக்கணக்கில் இருக்கும்.

இன்னொன்று, நாணய மாற்று தொடுவது தொழிற்சாலை விலையை மட்டும்தான். சிங்கப்பூரில் ஏர் ரைஃபிளும் ஆயுதம்தான். காவல்துறை உரிமம் இல்லாமல் நீங்களோ நானோ இணையத்தில் ஆர்டர் போட்டு வரவழைக்க முடியாது. உரிமம், பாதுகாப்பான வைப்பிடம், ஆள் சம்பளம், வாடகை எல்லாம் வெள்ளியில் போகிற செலவு, யூரோ விழுந்தால் குறையாது. சரக்குக் கட்டணமும் காப்புறுதியும் சேர்த்த மதிப்பின்மேல் பொருள் சேவை வரி. 2022இல் 7 விழுக்காடு, 2023இல் 8, 2024இலிருந்து 9. யூரோ இறங்கிய லாபத்தில் ஒரு பங்கை அதுவே தின்றுவிட்டது. நாணய ஆணையம் நம் வெள்ளியைப் பல நாணயங்களின் தொகுப்போடு வைத்துத்தான் நிர்வகிக்கிறது, யூரோவோடு மட்டும் அல்ல. "வெள்ளி வலுவாக இருக்கிறதே" என்று பொதுவாகச் சொல்வது ஜெர்மன் இன்வாய்ஸுக்கு உதவாது.

நாணயம் விழுந்தும் பொருள் கிடைக்காமல் போவதும் உண்டு. 2014இல் ரஷ்ய ரூபிள் சரிந்தது. ஆனால் அந்த ஜூலையிலேயே ரஷ்யத் துப்பாக்கித் தயாரிப்பாளரான கலாஷ்னிகோவ் நிறுவனத்தின்மேல் அமெரிக்கா தடை போட்டுவிட்டதால், மலிவான ரூபிளின் பலன் அமெரிக்காவில் வாங்குபவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

"வியாபாரிக்கு வக்காலத்து வாங்குகிறாள்" என்று எழுதப்போகிறவர்களுக்கு: நான் அங்கே இப்போது வேலையில் இல்லை, கமிஷனும் வாங்கவில்லை. ஏறும்போது மறுநாளே ஏற்றி, இறங்கும்போது வருடக்கணக்கில் தூங்குகிற கடைகளும் இருக்கின்றன. விற்பவர்கள் சிலரே என்பதால் அது நடக்கிறது. எல்லாரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

விலையைவிட எனக்கு எரிச்சல் தந்தது வேறு. என் மகள் இந்த விளையாட்டில் சேர்ந்தபோது தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குத் துப்பாக்கி, பரதநாட்டியத்துல சேர்க்கலாம்ல?" என்றார்கள். 2018 காமன்வெல்த் போட்டியில் நம் சிங்கப்பூர் வீராங்கனை மார்ட்டினா வெலோசோ துப்பாக்கிச் சுடுதலில் இரண்டு தங்கம் வாங்கியபோது அதே ஆட்கள் வாட்ஸ்அப்பில் கொடி அனுப்பினார்கள். பிறகு 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் துப்பாக்கிச் சுடுதலையே எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி யாராவது கேள்வி கேட்டார்களா?

சரி, உங்கள் விஷயம். கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இன்வாய்ஸ் எந்த நாணயத்தில், இந்தச் சரக்குக்குப் பணம் எப்போது கட்டியது? பழைய சரக்கு என்றால் அடுத்த லாட்டுக்கு முன்பதிவு கொடுத்து, விலையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை பிள்ளை பள்ளி ரைஃபிளிலேயே சுடட்டும்.