கற்பனை வளம் உள்ள பிள்ளை முதல் நிரலாக்கப் பாடத்தில் ஏன் திணறுகிறது?

உங்கள் மகள் ஓவியத்தில் கெட்டிக்காரி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதல் நிரலாக்கப் பாடம் மட்டும் உதைக்கிறது. படைப்பாற்றல் இங்கே கைகொடுக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரின் ஈசூனில் மாலை வேளைகளில் பைத்தான் என்ற நிரல்மொழியைச் சொல்லிக்கொடுப்பவன் நான். முதல் பருவத்தில் படைப்பாற்றலுக்கென்று பெரும்பாலும் யாரும் மதிப்பெண் போடுவதில்லை.

பல இடங்களில் விடையைத் திருத்துவதே ஒரு மென்பொருள்தான். 42 என்று மட்டும் வர வேண்டிய இடத்தில் பிள்ளை ஆசையாக 'உங்கள் மொத்தம் 42 வெள்ளி!' என்று அச்சிட்டால், கணக்குச் சரியாக இருந்தும் மதிப்பெண் போய்விடும். என் வகுப்பில் இப்படி அடிபடுபவர்கள் பெரும்பாலும் கற்பனை உள்ள பிள்ளைகளே. (மென்பொருளுக்கு ரசனை கிடையாது.)

கற்பனைக்கு வேலை வேறு இடத்தில் இருக்கிறது. கணினிக் கல்வி ஆய்வாளர் எலியட் சொலொவே 1980களில் முன்வைத்த மழைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 99999 என்ற எண் வரும்வரை மழை அளவுகளை வாங்கிச் சராசரி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் ஏராளமான மாணவர்கள் அதில் சறுக்கினார்கள். முதல் எண்ணே 99999 என்றால்? சராசரி எடுக்க ஓர் அளவும் இருக்காது; சுழியத்தால் வகுக்கப்போய் நிரல் நின்றுவிடும். இப்படி ஏடாகூடமாக யோசிக்கத் தெரிந்தவளுக்குத்தான் அந்த ஓட்டை முதலில் கண்ணில் படும்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்1101எஸ் என்ற தொடக்க நிரலாக்கப் பாடம் படங்களோடுதான் தொடங்குகிறது. சிறு உருக்களைத் திருப்பி, அடுக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதே ஃபங்ஷன் (பெயரிட்டு வேண்டும்போது அழைத்துக்கொள்ளும் நிரல் துண்டு) என்பது பிடிபட்டுவிடும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மார்க் கஸ்டியல் 2003இல், கணினித் துறை சாராத மாணவர்களுக்குப் படத்தையும் ஒலியையும் மாற்றியமைக்கும் வழியில் நிரலாக்கம் கற்பித்தார். பாதியில் விடுவோரும் தோற்போரும் குறைந்தார்கள். அங்கே படைப்பாற்றல் நேராக மதிப்பெண்ணாக மாறியதாக நான் நினைக்கவில்லை. தான் செய்த படம் என்றால் பிள்ளை எழுந்திருக்காமல் இன்னும் ஒரு மணி நேரம் உட்காரும். மதிப்பெண்ணைத் தருவது அந்தப் பயிற்சி.

ஆகவே, பைத்தானோடு சேர்ந்தே வரும், படம் வரைவதற்கான 'டர்ட்டில்' தொகுப்பில் ஒரு கோலம் போடச் சொல்லுங்கள். ஓர் இதழை வரைய ஒரு லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளை), அதைச் சுற்றிலும் பதிக்க இன்னொரு லூப். வாய்பாடு அச்சிடும் பயிற்சியில் புரியாதது இதில் புரியக்கூடும். ஒப்படைக்கும் வேலையில் மட்டும் கேட்டதற்கு மேல் ஓர் ஆச்சரியக்குறிகூட வேண்டாம். பருவ இறுதியில் திட்டப்பணி உண்டா, தலைப்பை மாணவரே தேர்ந்தெடுக்கலாமா என்று விரிவுரையாளரிடம் இப்போதே கேட்டு வைக்கட்டும்.