18ஆம் நூற்றாண்டு பிரான்ஸ்ல வால்டேர், ரூசோன்னு ஆம்பளைங்க பேரு மட்டும்தான் கேள்விப்படறோம், பெண் எழுத்தாளர்கள் யாருமே இல்லையா?

ஏன் இல்லாம, நிறைய பேர் இருந்தாங்க. என்னைக் கேட்டா ஃபிரான்சுவாஸ் த கிராஃபினியைத்தான் முதல்ல சொல்வேன்.

1695ல நான்சியில பொறந்தவங்க, 16 வயசுல கல்யாணம், புருஷன் சூதாடி, அடிக்கற ஆளு வேற, பொறந்த மூணு குழந்தையும் தங்கல. 1725ல அவன் போய்ச் சேர்ந்தான். நான்சி இருக்கற லொரேன் அப்போ தனி நாடு, அதோட லூனேவில் அரசவையை அண்டி கொஞ்ச காலம் ஓட்டினாங்க, 1737ல லொரேன் நாடே கைமாறிப்போக அந்த நிழலும் போச்சு.

அடுத்த வருஷம் டிசம்பர்ல சிரே மாளிகைக்கு விருந்தாளியா போறாங்க. அங்க வால்டேரும் அவரோட காதலி, விஞ்ஞானி எமிலி து ஷாத்லேயும் ஒண்ணா இருக்காங்க. வால்டேர் அப்போ பிரான்ஸோட வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க்கை கிண்டலடிச்சு ரகசியமா ஒரு காவியம் எழுதிட்டிருக்கார், வெளிய தெரிஞ்சா ஜெயில்தான். அதுல ஒரு பகுதியோட கதைச்சுருக்கத்தை கிராஃபினி ஊர்ல இருக்கற ஃபிரெண்டு தெவோவுக்கு லெட்டர்ல சொல்ல, அவர் பிரமாதம்னு பதில் போட, எமிலி அந்தப் பதிலைப் பிரிச்சுப் படிச்சுட்டாங்க! ராத்திரி வால்டேர் இவங்க ரூமுக்கு வந்து என் உயிரே உங்க கையிலன்னு புலம்பறார், பின்னாடியே எமிலி வந்து அடிக்காத குறையா கத்தறாங்க, காப்பி எடுத்து அனுப்பிட்டன்னு பழி. இவ்வளவு ஆனப்புறமும் கிளம்ப வழியில்ல, கையில காசில்ல, போக வீடில்ல, அதனால பிப்ரவரி வரைக்கும் அதே வீட்லதான். (பகுத்தறிவு பேசின ஆளுங்க அடுத்தவங்க தபாலைப் பிரிச்ச லட்சணம் இது.)

அப்புறம் பாரிஸ். 1747ல, 50 வயசு தாண்டினப்புறம், ஒரு பெரு நாட்டுப் பெண் எழுதற கடிதங்களா ஒரு நாவல், செம ஹிட்டு. பெருவோட பழைய இன்கா இனத்துப் பொண்ணு ஸிலியாவை கடத்திட்டு வர்றாங்க, கடைசில காதலனும் கைவிட்டுடறான், உருகி உருகி காதலிக்கற பிரெஞ்சுக்காரனையும் கட்டிக்க மாட்டேங்கறா, இன்கா தங்கத்துல வாங்கின சொந்த வீட்ல புத்தகங்களோட தனியா இருக்கா. வாசகர்களுக்குப் பொறுக்கல, கட்டிவெச்சே ஆகணும்னு வேற ஆளுங்க தொடர்ச்சியெல்லாம் எழுதினாங்க, பின்னாடி நிதி மந்திரியான தியுர்கோவே கல்யாணம் பண்ணிவைங்கன்னு லெட்டர் போட்டார்.

1750ல 'செனி' நாடகமும் பாரிஸ்ல நல்லா ஓடுச்சு, இப்ப படிச்சா அழுவாச்சி டிராமாதான். 1758ல போட்ட அடுத்த நாடகம் ஊத்திக்கிச்சு, அதே வருஷம் டிசம்பர்ல இறந்துட்டாங்க. தெவோவுக்கு எழுதின ஆயிரக்கணக்கான லெட்டர்ல கடன், பல்வலி, ஊர்வம்பு எல்லாம் இருக்கு, எனக்கு நாடகத்தைவிட அதுதான் பிடிக்கும்.

படிக்கணும்னா நாவல்ல ஆரம்பிங்க, சின்னதுதான். 1752ல திருத்தி பெருசாக்கி போட்ட பதிப்பை எடுங்க, அதுலயும் ஸிலியாவுக்கு கல்யாணம் கிடையாது.