டெரியர் எஞ்சின்கள் 90 ஆண்டுகளுக்கு மேல் ஓடியது எப்படி?

ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஸ்ட்ரூட்லி 1872-இல் வடிவமைத்த டெரியர் வகை நீராவி எஞ்சின்கள், அவற்றைவிடப் பெரியவை கழிக்கப்பட்ட பிறகும் 1963 வரை பணியில் நீடித்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அவற்றின் குறைந்த எடையே முதன்மையான காரணம்.

லண்டன், பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேக்காக, 1880 வரை பிரைட்டன் பணிமனையில் இவ்வகையில் 50 எஞ்சின்கள் கட்டப்பட்டன. நிலக்கரிக்கும் தண்ணீருக்கும் தனி வண்டி இழுக்காமல், இரண்டையும் தம் உடலிலேயே சுமந்த இவற்றின் எடை சுமார் 28 டன் மட்டுமே. அந்த எடையும் ஆறு சக்கரங்களில் பகிர்ந்து இறங்கியதால், தேம்ஸ் சுரங்கத்தின் வழியே செல்லும் கிழக்கு லண்டன் பாதையின் மெல்லிய தண்டவாளங்களுக்கு இவை பொருத்தமாக இருந்தன. லண்டன் வட்டாரப் பெயர்கள் பலவற்றுக்குச் சூட்டப்பட்டன. 1878 பாரிஸ் கண்காட்சியில் ‘பிரைட்டன்’ என்ற டெரியர் தங்கப் பதக்கமே வென்றது.

புறநகர் ரயில்கள் கனத்தபோது இவற்றின் இழுவை போதவில்லை. சில உடைக்கப்பட்டன; பல சிறிய ரயில்வேக்களுக்கு விற்கப்பட்டன. 1911 முதல் புதிய கொதிகலன் பொருத்தப்பட்டவை ஏ1எக்ஸ் எனப்பட்டன.

என் பார்வையில், இவ்வரலாற்றின் மிக அழகான பகுதி தென் இங்கிலாந்தின் ஹேலிங் தீவுக் கிளைப்பாதைதான். அதிலிருந்த லாங்ஸ்டன் மரப்பாலம் கனமான எஞ்சின்களைத் தாங்காது என்பதால், 1963 நவம்பரில் அப்பாதை மூடப்படும்வரை டெரியர்களே அங்கு ரயில்களை இழுத்தன. ஐம்பதில் பத்து இன்றும் எஞ்சியுள்ளன. ‘பாக்ஸ்ஹில்’ யார்க் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்திலும், ‘வாடன்’ கனடாவிலும் உள்ளன.