குழந்தைகள் பொழுதுபோக்கு சாட்பாட்டில் மூழ்குவதைச் சட்டம் போட்டுத் தடுக்க முடியுமா?

ஓரளவு முடியும். ஆனால் பயனர் சிறுவர் என்பதை நிறுவனம் எப்படித் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் காகிதத்தோடு நின்றுவிடும்.

கலிபோர்னியாவின் எஸ்பி 243ஐப் பாருங்கள். நண்பன், காதலி போலப் பேசும் துணை சாட்பாட்களுக்கான இந்தச் சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. பயனர் சிறுவர் என்று தெரிந்தால், தொடர்ந்து பேசும்போது 3 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது 'இது மனிதர் அல்ல, சற்று ஓய்வெடு' என்று நினைவூட்ட வேண்டும். ஆபாசப் படங்கள் வராமல் தடுக்க ஏற்பாடு வேண்டும். தற்கொலை எண்ணம் பேச்சில் வந்தால் உதவி மையத்துக்கு வழிகாட்டுவது எல்லா வயதினருக்கும் கட்டாயம். பாதிக்கப்பட்டவர் வழக்கும் போடலாம்: மீறலுக்கு 1,000 டாலர் அல்லது உண்மையான இழப்பு, எது அதிகமோ அது.

ஓட்டை எங்கே? 12 வயதுப் பிள்ளை பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டால், அவன் சிறுவன் என்பதே நிறுவனத்துக்குத் தெரியாது, நினைவூட்டலும் வராது. வயது பொய்யில்லாவிட்டாலும், அரை மணி அரை மணியாக நாள் முழுக்கப் பேசுகிறவனை 3 மணி நேரக் கணக்கு தொடாமலே போகலாம். இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

அடையாள அட்டை கேட்கலாம்தான். அப்போது பெரியவர்களின் ஆவணங்களும் நிறுவனத்தின் கையில் குவியும், கசிந்தால் திரும்பப் பெற முடியாது. முகத்தை வைத்து வயதைக் கணிக்கும் மென்பொருள் 17ஐயும் 18ஐயும் பிரித்தறிவதில் தடுமாறும். அதே மாநிலத்தின் ஏபி 1043 என்ற சட்டம் போகும் வழி இவற்றைவிட மேலானது. 2027 ஜனவரி முதல், ஃபோனில் கணக்கு தொடங்கும்போதே வயது கேட்கப்படும். 13க்குக் கீழ், 13–15, 16–17, 18க்கு மேல் என்ற பிரிவு மட்டும் செயலிக்குப் போகும். அது கிடைத்த பிறகு 'எங்களுக்குத் தெரியாது' என்று நிறுவனம் கைவிரிக்க முடியாது.

சிறுவர்களுக்கு முழுத் தடை போடுவதில் வேறு சிக்கல். எந்த சாட்பாட்டுக்குத் தடை என்ற வரையறை அகலமானால் பாடம் கற்றுத்தரும் சாட்பாட்டும் மாட்டும். குறுகினால் பொதுப் பயன்பாட்டு சாட்பாட் நழுவிவிடும். சிறுவர்கள் துணை சாட்பாட்களைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்த வந்த ஏபி 1064 மசோதாவை கலிபோர்னியா ஆளுநர் நியூசம் 2025இல் நிராகரித்ததற்கு, சிறுவர்களுக்கு இக்கருவிகளே முற்றாக அடைபடலாம் என்ற கவலையே காரணம். ஆளைத் தடுப்பதைவிட, காதல் பேச்சு, 'போகாதே' என்று கெஞ்சிப் பிடித்துவைப்பது போன்ற செயல்களைத் தடுப்பதே சரி.

பெற்றோர் ஒன்று செய்யலாம்: பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்கி உண்மையான பிறந்த தேதியைக் கொடுங்கள். உங்கள் கணக்கிலேயே ஃபோனை நீட்டினால், செயலிக்கு அவன் 18 கடந்தவன்.