ஜப்பான் பாணி வீடு: முன்பணம் கட்டும் முன்

கேள்வி: பெங்களூரு ஹொரமாவில் 2 படுக்கையறை ஃப்ளாட் வாங்கியிருக்கிறோம். ஜப்பான் பாணியில், சாமான் கண்ணில் படாமல் எளிமையாக வேண்டும் என்று ஓர் இன்டீரியர் நிறுவனத்திடம் கேட்டோம். தத்தாமி தரை, ஷோஜி கதவு, தரையோடு தாழ்ந்த கட்டில், மாடுலர் கிச்சன் எல்லாம் சேர்த்து 11 லட்சம் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதிப் பணம் கட்டினால் தள்ளுபடியாம். முழங்கால் வலி உள்ள மாமியாரும் எங்களோடு இருக்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். தள்ளுபடி போனால் போகட்டும்.

ஜப்பான் வீட்டு அறை காலியாகத் தெரிவதற்குக் காரணம் அங்குள்ள அலமாரி. ராத்திரி விரித்த ஃபுத்தோன் மெத்தையைக் காலையில் மடித்து, ஒஷிஇரே என்ற ஆழமான சுவர் அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். நம் பாட்டி வீட்டுக் கூடத்திலும் விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினால் இடம் விரிந்துவிடுமே, அதே கதைதான். அதனால் டிசைனரைப் பார்ப்பதற்கு முன் கொலு பொம்மைப் பெட்டி, பித்தளைப் பாத்திரம், கிரைண்டர், ஊரிலிருந்து வரும் அரிசி மூட்டை என்று எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி அளவெடுங்கள். ஒரு சுவர் முழுக்கத் தரையிலிருந்து மேல்தளம் வரை, சுவரின் நிறத்திலேயே அலமாரி போட்டால் பாதி வேலை முடிந்தது.

தத்தாமி வேண்டாம் என்றே சொல்வேன். இகுசா என்ற கோரை போன்ற புல்லில் நெய்த மேற்பரப்பு, சுமார் 5 செ.மீ. தடிமன். அதற்கு ஈரம் ஒத்துக்கொள்ளாது. தினமும் தண்ணீர் விட்டுத் துடைக்கும் நமக்கும், ஜூனிலிருந்து அக்டோபர் வரை மழை பெய்யும் பெங்களூருக்கும் அது பூசணம் பிடிக்கும் செலவு. ஒரு நல்ல பத்தமடைப் பாய் வாங்குங்கள், வெயிலில் உலர்த்திச் சுருட்டி வைக்கலாம். ஷோஜி கதவில் மரச்சட்டத்துக்கு நடுவே இருப்பது வாஷி காகிதம், கிழியும். அதற்குப் பதில் பால்நிறக் கண்ணாடி போதும். மாமியாருக்குத் தாழ்ந்த கட்டில் கூடவே கூடாது, உட்கார்ந்தால் பாதம் தரையில் பதிந்து, எழும்போது முழங்கால் அதிகம் மடங்காத உயரம் வேண்டும்.

நிஜமான ஏமாற்று பிளைவுட்டில் நடக்கிறது. மேலே லேமினேட் ஒட்டிவிட்டால் உள்ளே என்ன என்று யாருக்கும் தெரியாது. என் வீட்டில் சிங்க்குக்கு அடியில் சாதாரணப் பலகையைப் போட்டுவிட்டுப் போனார் ஒருவர், இரண்டே வருடத்தில் ஊதிப்போய்க் கதவு மூடவில்லை, பிடுங்கிப் போட்டுப் புதிதாகச் செய்தோம், அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. சிங்க் பக்கம் ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்), படுக்கையறை அலமாரிக்கு ஐ.எஸ். 303 (பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்டுக்கானது) என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். பலகை வந்து இறங்கும்போது நீங்களே நின்று ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் அதிலுள்ள சி.எம்./எல். என்ற உரிம எண்ணையும், இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்த்து, லேமினேட் ஒட்டும் முன் போட்டோ எடுத்துவிடுங்கள். பலகையை ஒட்டும் பசையிலிருந்து உடம்புக்கு ஆகாத ஃபார்மால்டிஹைடு வாயு வரும், அதற்கு ஜப்பானே 2003-இல் கட்டிடச் சட்டத்தில் கட்டுப்பாடு கொண்டுவந்தது, அதனால் அந்த வாயு குறைவாக வரும் ஈ1 அல்லது ஈ0 தரமா என்றும் கேளுங்கள்.

11 லட்சம் என்று ஒரே தொகையாக ஏற்காதீர்கள், ஒவ்வொரு அலமாரிக்கும் அளவு, சதுர அடி விலை, கீல் எந்தக் கம்பெனி, ஜி.எஸ்.டி. எவ்வளவு என்று தனித்தனியாக வரட்டும். டிசைனுக்கு 10 சதவீதம், பலகை வந்ததும் ஒரு பகுதி, தச்சு வேலை முடிந்ததும் ஒரு பகுதி, கடைசி 10 சதவீதம் வீட்டை ஒப்படைத்து 15 நாள் கழித்து. இதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வேலை தராதீர்கள்.

ஒப்பந்தம் போட்ட பிறகு தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். வாட்ஸ்அப்பில் பேசியதை அழிக்காமல் வைத்திருங்கள்.