துருக்கித் தொழுகை விரிப்பு: வாசகர் கேள்விகள்

கே: பழைய விரிப்பைப் பார்த்ததுமே கோர்டெஸ், குலா, லாடிக் என்று ஊர் சொல்கிறார்களே, எப்படி?

ப: மிஹ்ராப், அதாவது தொழுகைத் திசையைக் காட்டும் மாடம் போன்ற வளைவை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள், ஓர் ஊரின் வளைவை இன்னோர் ஊர் தயங்காமல் எடுத்தாண்டிருக்கிறது. நூலையும் ஓரப் பட்டைகளையும் சேர்த்துப் பாருங்கள். கோர்டெஸில் வளைவுக்குள் பெரும்பாலும் ஒரே நிறம்தான். உச்சியிலிருந்து விளக்கோ பூங்கொத்தோ தொங்கும். வெள்ளைப் பகுதிகளில் கம்பளிக்குப் பதில் பருத்தி நூலால் முடிச்சுப் போட்டிருப்பது இங்கே சகஜம். குலாவில் ஒடுங்கிய பட்டைகள் பல அடுக்காக ஓரம் கட்டும். சிறு வீடும் மரமும் வரிசையாக வந்தால் அது ‘மெஸார்லிக்’, அதாவது கல்லறைத் தோட்ட வகை. கோன்யா அருகிலுள்ள லாடிக்கை அடையாளம் காண்பதுதான் சுலபம்: மிஹ்ராப்புக்கு மேலோ கீழோ தனிக் கட்டம், அதில் நீண்ட காம்புடன் துலிப் பூக்கள்.

உள்ளங்கையால் தடவியும் பாருங்கள். இழை எந்த முனைப் பக்கம் சாய்கிறதோ அங்கேதான் நெசவு தொடங்கியது. வளைவின் உச்சியை நோக்கிச் சாய்ந்தால் தலைகீழாக நெய்தது என்று அர்த்தம். அது குறையல்ல.

கே: கறுப்புக் கோடுகள் மட்டும் பள்ளமாகத் தேய்ந்துள்ளன. பூச்சியா?

ப: பூச்சி இப்படிக் கோடு பிசகாமல் அரிக்காது. மாசிக்காய் போன்ற துவர்ப்புச் சரக்குடன் இரும்பு உப்பு சேர்த்துக் கருமை ஏற்றுவார்கள். அந்த இரும்புதான் கம்பளியை நொறுங்க வைக்கிறது. பழமைக்கு இது நல்ல அடையாளம். போலி செய்பவர்களுக்கும் இது தெரியும், கத்தரியால் வெட்டிவிடுவார்கள். வெட்டிய பள்ளம் எங்கும் ஒரே உயரத்தில் இருக்கும். தானாக உதிர்ந்தது மேடு பள்ளமாக இருக்கும். ருமேனியாவின் டியோடர் டூடுக் செய்த போலிகள் அருங்காட்சியகங்களுக்குள்ளேயே நுழைந்தன என்பதால் இந்த ஒரு சோதனையோடு நிறுத்த வேண்டாம்.

கே: ‘200 வருடப் பழசு’ என்கிறார் விற்பவர். பூக்களில் ஊதா நிறம் இருக்கிறது. நம்பலாமா?

ப: இழைகளை விலக்கி அடியைப் பாருங்கள். அடியில் பளீர் ஊதா, நுனியில் சாம்பல் என்றால் அது ஆரம்பகாலச் செயற்கைச் சாயம். ஆங்கில வேதியியலாளர் பெர்கின் முதல் செயற்கை ஊதாவைக் கண்டதே 1856இல்தான். 200 வருடக் கணக்கு அங்கேயே உடைகிறது. ஆனால் அந்த இடம் பின்னாளில் ஒட்டுப்போட்டதாகவும் இருக்கலாம். விரிப்பைத் திருப்பிப் போட்டு, முடிச்சின் நெருக்கமும் ஊடையின் (குறுக்கு நூலின்) நிறமும் சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்.